சேணத்தின் மேலும் கீழும்: மலையகப் பெருந்தோட்டங்களிற் குதிரையேற்ற உடையும் கால்நடையாளர் உடையும்

தமிழர் சமூக வரலாற்றை எழுதுவோர் உடையைப் பற்றிப் பேசும்போது, இலக்கியங்களிற் காணப்படும் ஆடைப்பெயர்களைத் தொகுத்துத் தருவதோடு அமைந்துவிடுவது வழக்கமாக உள்ளது. அவ்வாடைக்கு விலை கொடுத்தவர் யார், அதனை அணியுமாறு விதித்தவர் யார், அணியலாகாதெனத் தடுத்தவர் யார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவற்றை எழுப்புதற்கு மத்திய மலைநாட்டுப் பெருந்தோட்டங்கள் மிக வாய்ப்பான களமாகும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம், ஒரே மலைப்பாதையில், ஒரே மழையில், ஒரே அட்டைக்கடிக்கு ஆளாகி இருவகை மனிதர் அங்கு சென்றுவந்தனர். ஒருவர் குதிரைமீது சென்றார். மற்றவர் அக்குதிரையின் அருகே நடந்தார், அல்லது ஓடினார். முன்னவரின் உடை நூல்களிலும் ஓவியங்களிலும் புகைப்படங்களிலும் இடம்பெற்று ஒரு மரபாகப் போற்றப்பட்டது. பின்னவரின் உடையும் மரபு என்றே குறிக்கப்பட்டது. ஆயின் அச்சொல் இவ்விரண்டு இடங்களிலும் ஒரே பணியை ஆற்றவில்லை. இவ்வேறுபாட்டின் அடிப்படையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குதிரையேற்ற உடையை நாம் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. உடைக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பு இத்துறையிற்போல் வெளிப்படையாகத் தெரியும் துறைகள் மிகச் சிலவே. அதேவேளை மரபின் பிடியும் இத்துறையில் மிக இறுக்கமானது. குதிரையிலிருந்து விழுபவரின் தலை உடையும் என்பது குதிரையேற்றம் தோன்றிய நாளிலிருந்தே அறியப்பட்ட செய்தி. எனினும், இங்கிலாந்தில் தடைதாண்டும் பந்தயங்களிற் குதிரையோட்டிகள் தலைக்கவசம் அணிவது கட்டாயமாக்கப்படுவதற்கு, 1923ஆம் ஆண்டின் இறுதியில் வுல்வர்ஹாம்டன் பந்தயத்தில் வீழ்ந்து, அடுத்த மாதம் உயிர்நீத்த கப்டன் பெனற்றின் மரணம் வேண்டியிருந்தது. நளினக் குதிரையேற்றப் போட்டிகளில் உயர்ந்த பட்டுத்தொப்பியை நீக்கிப் பாதுகாப்புத் தலைக்கவசத்தைச் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் விதிவிலக்கின்றிக் கட்டாயமாக்கியது 2021ஆம் ஆண்டிலேயே. அதுவரை அப்பட்டுத்தொப்பிக்காக வாதாடியோர் முன்வைத்த ஒரே நியாயம் மரபு என்பதாகும்.

ஆனால் குதிரையேற்ற உடையின் உறுப்புக்களைத் தனித்தனியே எடுத்து நோக்குமிடத்து, இன்று மரபு எனப்படுவனவற்றுட் பெரும்பாலானவை ஒருகாலத்தில் வெறும் பயன்பாட்டுப் பொருள்களாகவே இருந்தன என்பது புலனாகும். சவாரிச் சப்பாத்தின் உயர்ந்த குதிகால் அழகுக்காக ஏற்பட்டதன்று. அங்கவடியினூடாகப் பாதம் முழுவதும் நுழைந்துவிடின், வீழ்ந்தவனைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். குதிகால் அதனைத் தடுக்கின்றது. முழங்கால்வரை ஏறும் தோல், சேணத்தின் வார்கள் கெண்டைக்காலைக் கடிப்பதைத் தடுக்கின்றது. 'ஜோத்பூர்' எனப் பெயர்பெற்ற காற்சட்டையின் வரலாறு இன்னும் சுவையானது. இராசபுத்திரர் அணிந்த, கீழே இறுகி மேலே தளர்ந்த உள்நாட்டுக் காற்சட்டையைச் சேர் பிரதாப் சிங் திருத்தியமைத்தார். விக்டோரியா மகாராணியின் 1897ஆம் ஆண்டு வைரவிழாவையொட்டி அவர் இங்கிலாந்துக்கு அதனைக் கொண்டுசென்றார் என்பர். இந்தியக் குதிரைவீரனின் பயன்பாட்டு உடை ஒரு தலைமுறைக்குள் ஆங்கிலக் கனவான்களின் 'மரபு' ஆகிவிட்டது. எரிக் ஹொப்ஸ்பாமும் அவருடன் இணைந்தோரும் 1983இல் வெளியிட்ட நூலில், புனையப்பட்ட மரபுகளைப் பற்றி எழுதியபோது எடுத்துக்காட்டிய பிரித்தானிய முடியாட்சிச் சடங்குகளுக்கு நிகராக இதனையும் வைத்தெண்ணலாம்.

இனி மலைநாட்டுக்கு வருவோம். 1820களில் கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியாவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பியைப் பெருந்தோட்டப் பயிராகத் தொடங்கிய காலத்திலிருந்து, நானுஓயாவைப் புகையிரதப் பாதை சென்றடைந்த 1885ஆம் ஆண்டு வரையிலும், உயர்மலைப் பகுதிகளிற் குதிரையே துரைமாரின் முதன்மையான ஊர்தியாக விளங்கியது. காடு வெட்டப்பட்ட சரிவுகளிலே, வண்டி செல்ல இயலாத இடங்களிற் குதிரைப்பாதைகள் வெட்டப்பட்டன. டிக்கோயா, டிம்புள்ள பள்ளத்தாக்குகளின் தோட்டங்களை ஒன்றோடொன்று இணைத்தவை இவையே. புகையிரதம் வந்த பின்னரும் நிலையத்திலிருந்து பங்களாவுக்கும், பங்களாவிலிருந்து மலைக்கும் செல்வதற்குக் குதிரை வேண்டியிருந்தது. அத்தியட்சகரின் ஊதியத்தோடு குதிரைப்படி என ஒரு தொகையும் சேர்ந்தது. குதிரை கடல்கடந்து வந்தது. அதன் கொள்ளும், தொழிலாளியின் அரிசியும் இந்தியாவிலிருந்து அதே பாய்க்கப்பல்களில் வந்து, அதே பாதையால் மலையேறின.

இப்பாதைகளின் தன்மையை அறியாது துரையின் உடையை விளங்கிக்கொள்ள இயலாது. நாட்டின் மிகுமழைப் பகுதிகளுள் ஒன்றான வட்டவளையை அடுத்த சரிவுகளில், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மண் வழுக்கும். ஈரப் புல்லில் அட்டைகள் நெளியும். குடியேற்ற அரசின் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலே, அட்டைகளைப் பற்றி விரிவாகவே எழுதியுள்ளார். குதிரைகள் அட்டைக்கடி தாங்காது நிலத்தை உதைத்து வெறிகொள்ளும் என்றும், கோப்பித் தோட்டக்காரர் நெருக்கமாக நெய்த துணியாலான அட்டையுறைகளாற் கால்களை மூடிக்கொள்வர் என்றும் அவர் குறிப்பிடுகின்றார். பல்லக்குத் தூக்குவோரினதும் கூலிகளினதும் வெறுங்கால்களை அட்டைகள் விரும்பி நாடுவதையும், உள்நாட்டவர் எண்ணெய், புகையிலைச் சாம்பல், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைப் பூசிக்கொள்வதையும் அதே பகுதியில் அவர் பதிவு செய்கின்றார். ஓர் இயற்கை வரலாற்றாசிரியனின் அமைதியோடு எழுதப்பட்ட இப்பகுதி, அவர் கருதாமலே ஒரு சமூக ஆவணமாகிவிடுகின்றது. அட்டை ஒன்றே, கால்களும் ஒரே வகையினவே. ஒரு காலுக்குத் துணியுறையும் மற்றைய காலுக்குச் சாம்பலும் ஏன் என்ற வினா அவருக்குத் தோன்றவில்லை.

குதிரையைப் பேணுவதற்கெனக் குதிரைக்காரன் என்றொரு தொழிலாளி இருந்தான். அவனும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்தவனே. விடியுமுன் எழுந்து குதிரையைத் தேய்த்து, சேணம் பூட்டிப் பங்களா வாசலில் நிறுத்துவது அவன் கடமை. துரை ஏறிப் புறப்பட்டபின், குதிரையின் பின்னாலும் பக்கத்திலும் நடந்தோ ஓடியோ மலைக்குச் செல்வதும், துரை இறங்கிக் கொழுந்து மலையைச் சுற்றிப் பார்க்கும்போது கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு மழையில் நிற்பதும் அவன் கடமையே. குதிரைக்கு இலாடம் அடிக்கப்பட்டிருந்தது. குதிரையின் முதுகுக்குக் கம்பளம் இருந்தது. குதிரையின்மீது இருந்தவரின் காலுக்குத் தோலுறை இருந்தது. இம்மூன்றுக்கும் இடையில் வெறுங்காலுடன் நின்றவன் அவன் ஒருவனே. இலாடமடித்த குளம்பொன்று தன் பாதத்தின்மீது விழும் அபாயம் அன்றாடம் அவனுக்கு இருந்தது என்பதை, குதிரையோடு சிறிது பழகியோரும் அறிவர். குதிரையேற்ற உடையின் பாதுகாப்புப் பற்றிப் பேசும் நூல்கள் சேணத்தின் மேலிருப்பவரைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. குதிரைத் தொழிலிற் காயமுறக்கூடிய மற்றைய உடல் அவற்றின் பொருளாகவில்லை.

(இவ்விடத்து ஒரு சொற்குறிப்பு: தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பைச் சுட்டும் 'லயம்', 'லயன்' என்னும் சொற்கள் ஆங்கிலச் சொல்லொன்றின் திரிபுகள் ஆகும். குதிரை கட்டும் இடத்துக்குத் தமிழில் ஏற்கெனவே வழங்கிய 'லாயம்' என்பதோடு அதற்கு வேர்த்தொடர்பு இல்லை. எனினும் தமிழ்ச் செவிக்கு அவ்விரண்டும் அடுத்தடுத்து ஒலிக்கும் என்பதை மறுத்தற்கில்லை.)

துரையின் உடை முழுவதும் பயன்பாட்டின் அடிப்படையில் அமைந்ததென்று கொள்வதும் பிழையாகும். காலைப் பொறுத்தவரை உண்மையான அபாயத்துக்கு உண்மையான கவசம் தேடிய அவ்வர்க்கம், தலையைப் பொறுத்தவரை வேறு வழியிற் சென்றது. நெட்டியினாற் செய்து துணி போர்த்த சோலாத் தொப்பி, வெப்ப மண்டலத்துச் சூரிய ஒளி ஐரோப்பியரின் மூளையையும் முள்ளந்தண்டையும் தாக்கி அழிக்கும் என்னும் மருத்துவக் கோட்பாட்டின் பிள்ளையாகும். பிற்பகல் முழுவதும் மூடுபனி கவிந்திருக்கும் நுவரெலியாவிலும் அதனை அணியத் தயங்கியவர் சிலரே. குதிரையிலிருந்து வீழ்ந்தால் நெட்டி நொறுங்கும், தலையைக் காக்காது. வெயிலின் கற்பனை அபாயத்துக்குத் தொப்பி இருந்தது. வீழ்ச்சியின் மெய்யான அபாயத்துக்கு எதுவும் இருக்கவில்லை. இத்தொப்பியின் உண்மையான பணி வேறு. வெயிலைத் தாங்கும் உடல், தாங்காத உடல் என மனிதரை அது இருகூறாக்கிற்று. வெயிலைத் தாங்கும் உடலே வெயிலில் உழைத்தற்குப் பிறந்தது என்னும் கருத்துநிலை அக்கூறுபாட்டிலிருந்து இயல்பாகவே பெறப்படும். இரண்டாம் உலகப்போரில் ஆயிரக்கணக்கான பிரித்தானியப் படையினர் அத்தொப்பி இன்றியே வெப்ப நாடுகளிற் போரிட்டுத் திரும்பியபின், அக்கோட்பாடு எவ்வித ஆரவாரமுமின்றிக் கைவிடப்பட்டது. பேரரசும் ஏறத்தாழ அதே ஆண்டுகளிலே கைவிடப்பட்டமை தற்செயலன்று என்றே நாம் கருதுகின்றோம்.

மரபு பாதுகாப்பை வென்ற மற்றோர் இடம் ஆளும் வர்க்கத்துப் பெண்ணின் உடை. இரு கால்களையும் ஒரே பக்கத்தில் வைத்து அமரும் ஒருபக்கச் சேணமும், நிலத்தைத் தொடுமளவுக்கு நீண்ட பாவாடையும் விக்டோரியா காலத்து மேட்டுக்குடிப் பெண்ணுக்கு விதிக்கப்பட்டிருந்தன. அப்பாவாடை சேணத்தின் கொம்பிற் சிக்கி, வீழ்ந்த பெண் குதிரையால் இழுத்துச் செல்லப்படும் விபத்துக்கள் மிகுந்தன. சிக்கினாற் கழன்றுவிடும் 'பாதுகாப்புப் பாவாடை'கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிற் காப்புரிமை பெற்றமை இதற்குச் சான்றாகும். பாவாடையைத் திருத்த முனைந்தனரேயன்றி, இருபுறமும் கால்வைத்து அமரலாம் என ஒப்புக்கொள்ள நீண்டகாலம் மறுத்தனர். பயண எழுத்தாளரான இசபெல்லா பேர்ட் 1873இல் ஹவாய்த் தீவுகளில் இருபுறமும் கால்வைத்துச் சவாரி செய்யக் கற்றுத் தம் முதுகுநோவினின்றும் விடுதலை பெற்றார். பின்னர் ஆங்கில நாளேடொன்று அவர் ஆணுடை அணிந்ததாக எழுதியபோது, அவதூறு எனச் சினந்தார். தாம் அணிந்தது பெண்ணுக்குரிய உடையே என நிறுவுவதில் அவர் காட்டிய அக்கறை, பாதுகாப்பைத் தேடிக்கொண்டவரும் மரபுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது என்பதை உணர்த்துகின்றது. மலைப்பாதையிற் சென்ற துரைசாணியும் இவ்விதியினின்றும் தப்பவில்லை. தன் வர்க்கத்தின் உயர்வை உடலிற் சுமந்து காட்டும் பொறுப்பு ஆணாதிக்கச் சமூகத்தில் அவளுக்குரியதாயிற்று. அதற்கான விலையை அவள் உடலே கொடுத்தது. ஆயினும் அவ்விலை அவளது மதிப்பின் ஒரு பகுதியாக அவளுக்கே திரும்பிவந்தது என்பதையும் மறத்தலாகாது. அவள் குதிரையைப் பிடித்தவனுக்கு அத்தகைய திருப்பம் எதுவும் இருக்கவில்லை.

நுவரெலியாப் பந்தயத்திடல் 1875இல் அமைந்தபின், இவ்வுடைகள் அனைத்தும் ஆண்டுதோறும் ஒரே இடத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டன. கோப்பியை இலைநோய் தாக்கத் தொடங்கி ஆறாண்டுகள் கழிந்திருந்த காலம் அது. தோட்டங்கள் பல கடனில் மூழ்கிக்கொண்டிருக்கையிற் பந்தயத்திடலின் உடைவிதிகள் இறுகின என்பது, பொருளாதார அடித்தளத்துக்கும் மேற்கட்டுமானத்துக்கும் உள்ள உறவு நேர்கோட்டில் அமைவதில்லை என்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

குதிரைமேல் வரும் துரையைத் தொழிலாளர் எவ்வாறு கண்டனர் என்பதும் ஆராயத்தக்கது. தமிழ்நாட்டுக் கிராமத்தின் எல்லையில், இரவில் வெண்குதிரையேறி ஊரைச் சுற்றிவரும் ஐயனாரையும் அவர் பரிவாரமான முனிகளையும் அவர்கள் தம்மோடு மலைக்குக் கொண்டுவந்திருந்தனர். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்குக் காவலாக 'ரோதை முனி' என்னும் புதிய தெய்வத்தையே படைத்துக்கொண்டவர்கள் அவர்கள். குதிரையேறி வருபவன் காப்பவனும் தண்டிப்பவனும் ஆவான் என்னும் நிலமானியக் கால மனப்பதிவு, பெருந்தோட்ட முதலாளித்துவத்துக்கு விலையின்றிக் கிடைத்த உதவியாகும். அதனை அது நன்கு பயன்படுத்திற்று. துரை வரும்போது பாதையை விட்டிறங்கி நிற்றல், குடையை மடக்குதல், தலைப்பாகையை அவிழ்த்தல், காலணி இருப்பின் கழற்றுதல் என்பன தோட்டத்தின் எழுதாச் சட்டங்களாயின. இவற்றுள் ஒவ்வொன்றும் உடைபற்றிய விதி என்பதையும், ஒவ்வொன்றும் மழை, வெயில், கல், முள் ஆகியவற்றினின்றும் உடலைக் காக்கும் ஒரு பொருளை நீக்குமாறு கோருவது என்பதையும் இங்கு வற்புறுத்த விரும்புகின்றோம். மரியாதை என்பது பாதுகாப்பைக் களைவதாற் காட்டப்பட்டது. மேலே கோட்டும் கீழே வேட்டியுமாகக் காட்சியளித்த பெரியகங்காணி, தலைக்காசு பெற்று ஆட்களைத் திரட்டிய தன் இடைநிலையைத் தன் உடலிலேயே சரிபாதியாக வகுத்துக்காட்டினான் எனலாம்.

வெறுங்காலுடன் நடத்தல் தமிழ்க் கூலிகளின் தொன்றுதொட்ட பழக்கம் என்பது தோட்டக்காரர் எழுத்துக்களில் அடிக்கடி இடம்பெறும் கூற்று. ஓர் இலக்கிய மாணவனுக்கு இது வியப்பளிக்கும். வழிப்பறி நிகழும் பாதைகளிலே பொருள் கொண்டு செல்லும் வணிகர், பாதத்தை மூடும் காப்பும் மேற்சட்டையும் அணிந்து சென்றதைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. பாசறைக் காவலில் நின்ற யவனர், குதிரைச் சம்மட்டியாகிய மத்திகையை உடைமேற் சுற்றி, மெய்ப்பை எனப்படும் சட்டை அணிந்திருந்ததை முல்லைப்பாட்டுக் காட்டுகின்றது. அபாயமுள்ள தொழிலுக்கு ஏற்ற உடை என்னும் கருத்தும், அவ்வுடைக்குரிய சொற்களும் ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடைய இம்மொழியில் உள்ளன. வெறுங்கால் தமிழரின் மரபாயின், அது எத்தமிழரின் மரபு என்று கேட்டல் வேண்டும். தமிழகக் கிராமங்களிலே, உயர்சாதியினரின் தெருவிற் செருப்பணிந்து செல்லவும் குடைபிடிக்கவும் தடுக்கப்பட்டிருந்த சாதியினரே பெருந்தொகையாக மலைக்கு வந்தனர். சாதி விதித்த தடையைப் பழக்கம் எனப் பெயரிட்டுத் தோட்டம் ஏற்றுக்கொண்டது. தடையை நீக்கியிருப்பின் காலணி வாங்கவேண்டிய செலவு யாருடையது என்னும் வினா எழுந்திருக்கும்.

தோட்டம் தொழிலாளிக்கு உடையே கொடுக்கவில்லை என்று கூறுதல் பொருந்தாது. கம்பளி கொடுக்கப்பட்டது. தலையில் முக்காடாக மடித்து முதுகுவரை தொங்கவிட்டு அதன்மேற் கூடையின் கயிற்றை மாட்டிக்கொள்ளத்தக்க அக்கறுப்புக் கம்பளி, மலைநாட்டு மழைக்கும் குளிருக்கும் ஓரளவு ஏற்ற உடையே. இடுப்பிற் சுற்றும் படங்கு, ஈரச் செடிகள் சேலையை நனைத்துக் கிழிப்பதைத் தடுத்தது. பின்கொசுவம் வைத்த கட்டு சரிவில் ஏறுதற்கு எளிதாக இருந்தது. பெண்தொழிலாளர் தம் அனுபவத்தால் ஆக்கிக்கொண்ட இவ்வுடை, ஒருபக்கச் சேணத்தில் அமர்ந்த துரைசாணியின் உடையைக் காட்டிலும் தொழிலுக்குப் பொருத்தமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் கம்பளி இலவசமாகக் கொடுக்கப்பட்டதன்று. அதன் விலை தொழிலாளியின் பற்றிலே எழுதப்பட்டது. தமிழகக் கரையிலிருந்து வந்த வழிச்செலவோடும் அரிசிக் கணக்கோடும் கம்பளிக் கணக்கும் சேர்ந்து அவனைத் தோட்டத்தோடு பிணித்தது. குதிரைப்படி தோட்டத்தின் செலவு. கம்பளி தொழிலாளியின் கடன். ஒரே கணக்கேட்டில், ஒரே கணக்கப்பிள்ளையின் கையெழுத்தில், இவ்விரு பதிவுகளும் இடம்பெற்றன என்பதை நினைவிற் கொள்ளின், மரபு, பாதுகாப்பு என்னும் சொற்களைச் சுற்றிய பனிமூட்டம் பெரிதும் விலகும்.

இதனை மேலும் தெளிவாக்குவது கொழுக்கிப்புழுவின் வரலாறாகும். இப்புழுவின் நுண்குடம்பி ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுட் புகுகின்றது என்பதைக் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்னும் ஆய்வாளர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளிற் கண்டறிந்தார். 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் சுகாதாரப் பிரிவு இலங்கையில், மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே தன் இயக்கத்தைத் தொடங்கியபோது, சோதிக்கப்பட்ட தொழிலாளருள் மிகப் பெரும்பான்மையோர் அந்நோய் உடையவராகக் காணப்பட்டனர். இரத்தம் குன்றிய உடல் குறைவாகவே கொழுந்து பறிக்கும். எனவே தோட்ட நிருவாகங்கள் மருந்தை வரவேற்றன. மருந்து கொடுத்து முடிந்த சில மாதங்களுள் நோய் மீண்டும் பரவிற்று. மலகூடங்கள் அமைக்க வேண்டும் என மருத்துவர் வற்புறுத்தினர். அதற்கு ஆகும் செலவைக் கேட்டபோது பல தோட்டங்கள் தயங்கின. கூலிகளின் பழக்கங்களே தடை என்னும் விளக்கம் அப்போது மீண்டும் முன்வந்தது. ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில், 1909ஆம் ஆண்டில் அதே றொக்பெல்லர் நிதியில் தொடங்கிய இயக்கம் மலகூடத்தோடு சப்பாத்தையும் மக்களுக்குப் பரிந்துரைத்தது. மலைநாட்டில் மருந்தும் மலகூடமும் பேசப்பட்டன. சப்பாத்து திட்டத்தின் மையத்துக்கு வரவேயில்லை. அரைநூற்றாண்டுக்கு முன்னரே அட்டைக்காகத் தன் காலை மூடிக்கொண்டிருந்த வர்க்கத்துக்கு, காலை மூடுதல் என்னும் கருத்துப் புதியதாக இருந்திருக்க முடியாது.

உடை, தோட்டத்தின் மூடிய எல்லையைக் கடக்கும் வழியாகவும் ஒருமுறை பயன்பட்டது. தோட்டங்களுக்குள் வெளியார் நுழைதல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்திற் புடவை வியாபாரிகள் மட்டும் சம்பள நாட்களையொட்டி அனுமதிக்கப்பட்டனர். பின்னாளில் மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியாக விளங்கிய கோ. நடேசய்யர், தொழிலாளரின் நிலையை நேரிற் காண்பதற்குப் புடவை வியாபாரியாக வேடமிட்டே தோட்டங்களுக்குட் சென்றார் என்பது அவர்தம் வாழ்க்கை வரலாற்றிற் பலரும் எடுத்துரைக்கும் செய்தி. கடனுக்குத் துணி விற்பவனுக்குத் திறந்திருந்த வாயில், உரிமை பேசுபவனுக்கு மூடியிருந்தது. 1931இல் அட்டனில் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது கோரிக்கைகள் கூலியையும் கடனையும் கங்காணி முறையையும் பற்றியனவாக இருந்தமை இயல்பே. துண்டும் கம்பளியும் அக்கடனுக்குள் அடங்கியிருந்தன.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மோட்டார் சைக்கிளும், பின்னர் ஜீப் வண்டியும் குதிரையின் இடத்தைப் பிடித்தன. குதிரைக்காரன் தொழிலாளர் பெயரேட்டிலிருந்து மறைந்தான். குதிரை லாயங்கள் வண்டிக் கொட்டகைகளாயின. குதிரையோடு உடையும் மறைந்திருத்தல் வேண்டும். ஆனால் முழங்கால்வரை ஏறும் நீண்ட மேசும் காக்கி அரைக்காற்சட்டையும் துரையின் சீருடையாக நிலைத்தன. சேணத்தின் வார் கடிக்காத காலுக்கும் முழங்கால்வரை உறை தொடர்ந்தது. அட்டை கடிக்கும் தொடையோ திறந்திருந்தது. பயன்பாடு நீங்கிய பின் எஞ்சும் வடிவமே அடையாளமாகின்றது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று கிடைப்பதரிது. 1975ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத்தின்கீழ் வெளிநாட்டுக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாகி, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தினதும் ஜனவசமவினதும் கைக்கு மாறியபோது ஆங்கிலேயர் சென்றனர். அவர்தம் மேசும் அரைக்காற்சட்டையும் செல்லவில்லை. உள்நாட்டு அத்தியட்சகர் அவற்றை அணிந்தே பிரட்டுக்களத்துக்கு வந்தனர். அவர்களும் 'துரை' என்றே அழைக்கப்பட்டனர். 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளுக்கு மாறிய பின்னரும் இவ்வழக்கம் அறவே ஒழியவில்லை. உடைமையின் சட்டவடிவம் மாறியது. உற்பத்தி உறவு மாறவில்லை என்பதைத் துரையின் கெண்டைக்கால் அறிவித்துக்கொண்டிருந்தது எனக் கூறின் அது மிகையாகாது.

தேயிலையை உலகச் சந்தையில் விற்கும் விளம்பரங்கள் தமக்கென ஒரு தொழிலாளியைப் படைத்துள்ளன. வண்ணச்சேலை, நெற்றிப் பொட்டு, முதுகிற் கூடை, முகத்திற் சிரிப்பு. அப்படங்களிற் பெரும்பாலானவற்றில் தேயிலைச் செடி அவள் இடுப்புவரை மறைத்துவிடுகின்றது. கால் தெரிவதில்லை. மழையில்லா நாளொன்றில், கம்பளியும் படங்கும் நீங்கிய நிலையில் எடுக்கப்பட்ட அவ்வுருவமே மலையகத்தின் 'மரபுடை' என உலகெங்கும் அறியப்படுகின்றது. சுற்றுலாத் துறை இன்று பாதுகாக்க விரும்பும் மரபும் இதுவே.

இன்று கம்பளியின் இடத்தைப் பிளாத்திக்குத் தாளும், கூடையின் இடத்தைப் பல தோட்டங்களிற் சாக்கும் பிடித்துவிட்டன. றப்பர்ச் செருப்பு பரவலாகியுள்ளது. வழுக்கும் சரிவில் அது வெறுங்காலைவிட எவ்வளவு சிறந்தது என்பது ஐயத்துக்குரியது. கொழுந்து மலைகளிற் குளவிகள் கொட்டித் தொழிலாளர் இறக்கும் செய்திகள் ஆண்டுதோறும் மலையகத்திலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. அவ்வாறு கொட்டப்படுவோர் அணிந்திருப்பது சேலை அல்லது பாவாடையும், அதன்மேற் பழைய ஆண்சட்டை ஒன்றுமே. பாதுகாப்பு அங்கி கேட்கப்படும் போதெல்லாம் அவ்வங்கி அணிந்து விரைவாகக் கொழுந்து பறிக்க முடியாது, வெப்பமாயிருக்கும், பெண்கள் அதனை விரும்பார் என்னும் விடைகள் கூறப்படுகின்றன. இவற்றுள் முதல் இரண்டிலும் சிறிது உண்மை உண்டு. பறித்த கொழுந்தின் நிறைக்கு ஏற்ப நாட்கூலி முழுமையாகவோ அரையாகவோ கணக்கிடப்படும் முறை உள்ளவரை, கையைத் தாமதப்படுத்தும் எவ்வுடையையும் பறிப்பவளே கழற்றி எறிவாள். அவளது நாள்நிறையைக் குறைக்காது அங்கியை மட்டும் கொடுப்பவர், அவள் அதனை அணியவில்லை எனக் குறைகூறவும் வாய்ப்பைத் தேடிக்கொள்கின்றனர். மூன்றாவது விடையை நாம் முன்னரே கேட்டிருக்கின்றோம். இலங்கையில் தொழிலிடப் பாதுகாப்பை முதன்மையாக ஒழுங்குபடுத்திவந்துள்ள 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம், பெயருக்கேற்பத் தொழிற்சாலைகளுக்கு உரியது. கொழுந்து தொழிற்சாலையின் வாயிலைக் கடந்து உருளையில் விழும் இடத்திலிருந்து அச்சட்டம் தொடங்குகின்றது. அக்கொழுந்து பறிக்கப்பட்ட மலை அதன் எல்லைக்குள் வருவதில்லை.